வெளியார் தரும் பொருள் ஓர் அமானிதம்



சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையை அடுத்துத் 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிலையம் வருகிறது. அங்கே அன்றாடம் ஏறி இறங்குவோருள் எத்தனை பேர் அப்பெயரின் வரலாற்றை எண்ணிப் பார்க்கின்றனர்? காசநோய்க்குத் தக்க மருந்து இல்லாதிருந்த காலத்தில், நோயாளிகளைத் தூய காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் தங்கவைத்து, நல்லுணவும் ஓய்வும் அளித்துப் பேணிய இல்லமே சானடோரியம். அத்தகைய இல்லம் ஒன்றை டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர் 1928ஆம் ஆண்டில் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளுடன் தொடங்கினார். அதற்கு முன்னர் இங்கிலாந்திலும் இத்தகைய இல்லத்தை நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றதுண்டு. தாம்பரத்து இல்லத்தை 1937இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

தனியொருவரின் முயற்சியாய்த் தோன்றியது, ஊராரின் உடைமையாய், அரசின் பொறுப்பாய் நிலைத்துவிட்டது. நற்காரியம் ஒன்றைத் தொடங்குவோர் யாவரும் விரும்புவது இந்த நிலைபேற்றைத்தானே?

இதனை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய ஊர்கள் 2021இல் ஒரே மாநகராட்சியாக இணைந்துவிட்டன. இப்பகுதியிலும் இதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் மருத்துவ முகாம் நடத்தவும், நலவாழ்வுக் கல்வி புகட்டவும், எந்த நோய் எந்தத் தெருவில் மிகுதி எனக் கணக்கெடுக்கவும் ஆர்வம் கொண்ட ஜமாஅத்தார்களும் இளைஞர்களும் தாய்மார்களும் இருக்கின்றனர். ஆர்வம் இருக்கிறது, உழைக்க ஆட்களும் இருக்கின்றனர். 'பொருளுக்கு என்ன வழி?' என்ற கேள்வி எழுந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. வெளியே கேட்கலாமா? யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது? கிடைத்தபின் நம் கடமை யாது? இவற்றை இன்று சற்று ஆராய்வோம்.

கேட்பது இழிவா?

தன் வயிற்றுக்காகக் கையேந்துவதை நம் மார்க்கம் விரும்பவில்லை. எனினும் பொதுநலனுக்காக, தம்மால் இயன்றதை முதலில் வைத்துவிட்டு, எஞ்சியதற்குப் பிறர் துணையை நாடுவது அவ்வகையைச் சேர்ந்ததன்று. 'கொடுப்பவர் நம் சமுதாயத்தைச் சேராதவராயிற்றே' எனத் தயங்குவோரும் உளர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனாவுக்குப் புறப்பட்ட அந்த நெருக்கடியான வேளையில், வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் அப்போது முஸ்லிமாக இராத ஒருவர் அல்லவா? அவருடைய நாணயமும் வழியறிவுமே அங்கு நோக்கப்பட்டன. ஆகவே, கொடுப்பவர் யார் என்பதைக் காட்டிலும், அப்பொருள் எவ்வழியில் வந்தது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதையே நாம் கவனித்தல் வேண்டும். மதுவும் புகையிலையும் விற்று ஈட்டிய பொருளைக் கொண்டு நுரையீரல் நலத்தைப் போதிப்பது யாருக்குத்தான் அழகாகும்?

கேள்வி தெளிவாயிருக்கட்டும்

வெளியுதவி பெற்று உலகுக்கே பயன் தந்த காரியம் ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை அமைத்தன. அன்று அவர்கள் முன்னிருந்த வினா ஒன்றே ஒன்று: காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்துத்தான் குணப்படுத்த வேண்டுமா? அல்லது நெருக்கடியான குடிசையில், எளிய உணவை உண்டுகொண்டு, வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டாலும் குணமாகுமா?

ஏறத்தாழ 200 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்தளித்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் சானடோரியத்திலிருந்தோருக்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைந்திருந்தனர். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய்த்தொற்று மிகுந்துவிடவும் இல்லை. படுக்கைக்காகக் காத்திருந்த ஏழை நாடுகளுக்கெல்லாம் இது ஒரு விடிவாயிற்று. கணவனை மனைவியும், தாயைப் பிள்ளைகளும் மாதக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டிய துன்பம் உலகெங்கும் படிப்படியாக மறைந்தது.

அந்நிலையம் முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகவே வகுக்கப்பட்டிருந்தது. அயலார் குறித்த தவணையோடு அது மறைந்து போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிரந்தர அமைப்பாகி, தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. வாசகர்களே! இதில் நமக்குள்ள பாடம் யாது? வினா கூர்மையாயிருந்தது; பல கைகள் சேர்ந்து கொடுத்தன; தவணை முடியுமுன்னரே அதனைத் தாங்கிக்கொள்ள உள்ளூரில் தோள் ஆயத்தமாயிருந்தது.

உள்ளதை உள்ளபடி உரைத்தல்

இன்னொரு செய்தியும் நம் பகுதியைச் சேர்ந்ததே. தாம்பரத்தை உள்ளடக்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தைச் சுற்றி, 1968 முதல் 1971 வரை பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய மாபெரும் ஆய்வு நடைபெற்றது. உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணை நின்றன. ஏறத்தாழ மூன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி அது. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்பதே எல்லோரின் எதிர்பார்ப்பு. 1979இல் வெளியான முடிவோ, அத்தகைய பாதுகாப்பு அங்குக் காணப்படவில்லை என்றது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயிலிருந்து காப்பதற்காக அவ்வூசி இன்றும் இடப்படுகிறது என்பது வேறு.

பெரும்பொருள் செலவான ஓர் ஆய்வு, எதிர்பார்த்ததற்கு மாறான விடையைத் தந்தபோது, ஆய்வாளர்கள் அதனை மறைத்தார்களா? இல்லை, உலகறிய வெளியிட்டார்கள். பொருள் கொடுத்தவரின் முகம் கோணுமே என்று கணக்கை வளைப்பதும், முகாமுக்கு வந்த நாற்பது பேரை நானூறு எனப் பதிவேட்டில் எழுதுவதும் ஒரே பாவத்தின் இரு கிளைகள். பொய்க்கணக்கு எழுதியவன் கொடுத்தவரை மட்டும் ஏய்க்கவில்லை. அந்தக் கணக்கை நம்பி மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியையும் ஏய்க்கிறான்.

வந்த பொருள் நின்றால்?

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அடுத்த பத்தாண்டில் தாம்பரம் மருத்துவமனை அந்நோயாளிகளுக்குப் புகலிடமாயிற்று. 2004 ஏப்ரலில் நாட்டில் கட்டணமின்றி எச்.ஐ.வி. மருந்து வழங்கத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

நோயைக் குறித்து மக்களுக்கு அறிவு புகட்டும் பணி அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வி.எச்.எஸ். என்னும் தன்னார்வ மருத்துவ நிறுவனம் தரமணியில் இருப்பதை அறிவீர்கள். 1995இல் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு நிதியைப் பெற்று, தமிழ்நாடெங்குமுள்ள சிறு தொண்டு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்து, எய்ட்ஸ் தடுப்புக் கல்வியை அந்நிறுவனம் நடத்தியது. ஊர் பெயர் தெரியாத எத்தனையோ சிறு சங்கங்கள் அதனால் பணியாற்றின. 2003இல் பில் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய 'அவஹான்' திட்டமும் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்து, பின்னர் முன்கூட்டியே வகுத்த முறைப்படி, சிறிது சிறிதாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

எல்லா நிதியும் இவ்வாறு முறையாக விடைபெறுவதில்லை. 2025 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்க அதிபர் இட்ட ஓர் ஆணையால் அந்நாட்டின் வெளிநாட்டு உதவிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலை முதல் நாளோடு யு.எஸ்.எய்டு என்ற அமைப்பே செயலிழந்தது. பல நாடுகளில் மருந்தகங்களும் நலவாழ்வுப் பணிகளும் திடுமென முடங்கின. ஆயிரக்கணக்கான காதங்களுக்கு அப்பால் ஒரு மேசையில் இடப்பட்ட கையொப்பம், இங்கொரு நோயாளியின் மாத்திரையை நிறுத்தக்கூடுமாயின், அந்த அஸ்திவாரத்தில் மட்டும் நாம் வீடு கட்டலாமா?

அதற்காக வெளியுதவியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஊற்று நிற்கும் நாளை எண்ணிக் கிணறு வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

வாசல்களும் விதிகளும்

இனி, நடைமுறைக்கு வருவோம். பள்ளிவாசல் நிர்வாகம் தன் பெயரிலேயே இத்தகைய நிதியைக் கேட்பது பெரும்பாலும் பலன் தராது. பொது அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ தனியே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். 12ஏ, 80ஜி என்ற பெயர்களால் மக்கள் அறிந்துள்ள வருமான வரிப் பதிவுகள் வேண்டும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அந்த இரண்டாம் பதிவு, குறிப்பிட்ட ஒரு சமயத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் பயன்படும் அமைப்புகளுக்குக் கிடைப்பதில்லை. இதைக் கேட்டு மனம் சுருங்க வேண்டியதில்லை. காசநோய்க் கிருமி, கதவில் எழுதிய பெயரைப் படித்துவிட்டா உள்ளே நுழைகிறது? அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் வலியுறுத்தும்போது அவ்வீட்டார் எச்சமயத்தவர் என்று வேறுபாடு காட்டவில்லை. தெரு முழுவதற்குமான திட்டமாக வகுத்தால், சட்டமும் நிறைவேறும், மார்க்கமும் நிறைவேறும்.

உள்நாட்டில் பெரிய வாசல், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள், முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுப்பணிக்குச் செலவிடல் வேண்டும். நோய்த்தடுப்பும் கல்வியும் அப்பணிகளுள் அடங்கும். 2021 ஏப்ரல் முதல், இந்நிதியைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்புகள் சி.எஸ்.ஆர். 1 என்னும் படிவத்தின் மூலம் பதிவு செய்தாக வேண்டும். தென்சென்னைப் புறநகரெங்கும் தொழிற்சாலைகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்திருக்க, அவ்வாசலைத் தட்டாதிருப்பது ஏன்?

ஆராய்ச்சிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மானியம் வழங்குகிறது. ஆனால் ஆராய்ச்சியை நாமாக நடத்திவிட இயலாது. மருத்துவக் கல்லூரியோ ஆராய்ச்சி நிறுவனமோ முன்னிற்க வேண்டும். அங்குள்ள நெறிமுறைக் குழு இசைவளிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். ஜமாஅத்தின் பங்கு, மக்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தருவது. அது சிறிய பங்கன்று.

வெளிநாட்டு நிதிக்கோ விதிகள் கடுமையானவை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இன்றி, ஒரு ரூபாயும் பெறலாகாது. வளைகுடா நாட்டில் பணியாற்றும் நம் ஊர்ப் பிள்ளை, இந்தியக் குடிமகனாக இருந்து தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்புவது வேறு; அங்குள்ள ஓர் அமைப்போ வேற்று நாட்டவரோ அனுப்புவது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் பெற்றுவிட்டு வழக்கில் சிக்குவது மதியீனம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்நிதி புதுடில்லியில் குறிப்பிட்டதொரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20க்கு மேற்படலாகாது. பெற்றவர் வேறொரு சங்கத்துக்கு அதனை மாற்றித் தரவும் கூடாது. ஆகவே, 1995இல் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிச் சிறிய சங்கங்களுக்குப் பகிர்ந்த அந்த முறை, வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை இனி நடவாது. சிறிய அமைப்புகள் உள்நாட்டு வாசல்களை முதலில் நாடுவதே பொருத்தம்.

எப்படிக் கேட்பது?

விண்ணப்பம் எழுதுவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய ஆய்வு அது. அவர்களுள் ரமலானில் நோன்பு நோற்க விழையும் நம் வீட்டுப் பெரியவர்களும் உளர். மருந்தின் அளவையும் வேளையையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளாமல் நோன்பிருந்து, சர்க்கரை திடுமெனக் குறைந்து மயங்கி விழுவோர் உண்டு. நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையை இறைவனே அளித்திருக்க, அதை ஏற்க மனமின்றி உயிரைப் பணயம் வைப்போரும் உண்டு. ரமலானுக்கு முன்னரே இத்தகையோர்க்குப் பயிற்சியளித்தால் இந்த ஆபத்துக் குறையும் என்பதை, 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்று காட்டியது.

ஒரு ஜமாஅத்து ஷஃபான் மாதத்தில் இப்பயிற்சியை நடத்த விரும்புகிறது என வைத்துக்கொள்வோம். 'சமுதாயச் சேவைக்கு உதவுங்கள்' என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பாரார். முதலாவது, தம் மஹல்லாவில் எத்தனை வீடுகள், எத்தனை நீரிழிவு நோயாளிகள் என எண்ணிச் சொல்லல் வேண்டும். இரண்டாவது, யார் கற்பிப்பார், எத்தனை அமர்வுகள், எங்கே என்று வரையறுக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்ட வேண்டும். நான்காவது, பயன் விளைந்ததை எவ்வாறு அளப்போம் என்று கூற வேண்டும். மயக்கமுற்றோர் எத்தனை பேர், மருத்துவரைக் கண்டோர் எத்தனை பேர் எனப் பெருநாளுக்குப் பின் கேட்டறிதல் ஓர் அளவுகோலாகும். ஐந்தாவது, இந்நிதி தீர்ந்தபின் அடுத்த ஆண்டு யார் நடத்துவார் என்பதை எழுதல் வேண்டும். இந்த ஐந்தாம் கேள்விக்கு விடையில்லாத விண்ணப்பத்தை அனுப்பாமலிருப்பதே நன்று.

பெற்றபின் 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழியை நினைவிற்கொள்வோம். தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு, இருவர் கையொப்பம், தணிக்கையாளரின் சான்று ஆகியவை வேண்டும். நோயாளியின் இரகசியமும் அமானிதமே. உதவி பெறும் ஏழையை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துக் கொடுத்தவருக்கு அனுப்பும் வழக்கம், ஈந்த அறத்தையே இழக்கச் செய்யும் வழக்கம்.

நம் கிணறு

இறுதியாக, நம் கையிலுள்ளதைப் பார்ப்போம். ஸகாத்தைப் பெறும் எட்டு வகையினரைத் திருமறையே வரையறுத்துவிட்டது. ஏழை நோயாளியின் கையில் அதனை உரிமையாக்கிக் கொடுப்பது தகும். கட்டடத்துக்கும் துண்டறிக்கைக்கும் பயிற்றுநரின் சம்பளத்துக்கும் அதனைச் செலவிடப் பெரும்பாலான ஃபிக்ஹுக் கலை அறிஞர்கள் இடம் தரவில்லை. அவற்றுக்கு ஸதக்காவும் வக்ஃபும் இருக்கின்றன. கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வதென உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நிலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். பிற்காலத்தில் 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மாபெரும் மருத்துவமனை, வக்ஃபுச் சொத்துகளின் வருவாயால் நூற்றாண்டுகள் நடந்தது. அசல் அழியாதிருக்க வருவாய் மட்டும் செலவாகும் அம்முறையைத்தான் இன்றைய பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் மூலதன நிதி என்று கையாளுகின்றன.

ஒரு கடையின் வாடகையை, ஒரு வீட்டின் வருவாயை நலவாழ்வுப் பணிக்கென நிறுத்திவைக்கும் செல்வர் நம் புறநகரில் இல்லாமலா போவார்? அதுவும் இயலாதோர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தின்படி, தனிமனிதரோ சங்கமோ காசநோயாளிகளைப் பொறுப்பேற்று மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கலாம். காசநோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு அளித்தால் அவர்களுக்கு நோய் வருவது நூற்றுக்கு 40 அளவுக்குக் குறைகிறது என்பதை, ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அவ்வாய்விலும் சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பங்குண்டு. ஒரு வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொண்டு சேர்க்க, அயல்நாட்டு அனுமதி எதுவும் தேவையில்லை.

ஆகவே அன்பர்களே! வெளியாரிடம் கேளுங்கள்; தெளிவாகக் கேளுங்கள்; சட்டம் அறிந்து கேளுங்கள். கிடைத்ததை ஒரு காசு பிசகாமல் கணக்குக் காட்டுங்கள். கேட்கும் அன்றே, அது நின்றுபோகும் நாளுக்கான ஏற்பாட்டையும் நம் கையிலிருந்தே தொடங்குங்கள். கொடுத்தவர் கேட்கும் கணக்கு ஆண்டுக்கொரு முறை முடிந்துவிடும். அமானிதத்தின் கணக்கோ மறுமை வரை தொடரும்.

அமானிதங்களைப் பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! நோயுற்றோர்க்கு நலம் அருள்வானாக! ஆமீன்.